கேட்ட அளவுக்குப் பதில்: சிறு குழந்தைகளிடம் திருநர் பற்றிப் பேசத் தொடங்குவோருக்கு

மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளோடு வாழ்பவர்களுக்காகவும் அவர்களுக்குப் பாடம் சொல்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். திருநங்கை, திருநம்பி ஆகிய சொற்களைக் குழந்தையிடம் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காதவர்கள், சொல்ல நினைத்தும் எங்கே தொடங்குவதென்று தயங்குபவர்கள், கேள்வி வந்தவுடன் பேச்சை மாற்றிவிட்டு அன்றிரவு அதை நினைத்து வருந்தியவர்கள் ஆகியோரே என் மனத்தில் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மழலையர் வகுப்புகளில் இருந்திருக்கிறேன். இந்தப் பேச்சைத் தவறாகவும் பேசியிருக்கிறேன், பின்னர் கற்றுக்கொண்டு சரியாகவும் பேசியிருக்கிறேன். குழந்தை கேட்பது சிறிய கேள்வி, நம் காதில் விழுவதோ பெரிய கேள்வி என்பதுதான் நான் கண்டது. உடல், பாலுறவு, அறுவை சிகிச்சை, உறவினர் என்ன சொல்வார்கள் என்ற கவலை என்று எல்லாம் ஒரே நொடியில் நம் மனத்தில் ஓடுகின்றன, குழந்தையின் மனத்தில் "அவங்க குரல் ஏன் அப்பா குரல் மாதிரி இருக்கு?" என்பது மட்டுமே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு, கேட்ட அளவுக்கு, உண்மையான விடையைச் சொல்லப் பழகினால் போதும்.

முதல் படி: முதலில் நமக்குத் தெளிவு வேண்டும்

குழந்தை பிறந்தவுடன் உடல் உறுப்பைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ மற்றவர்கள் சொல்வது பால். தான் யார் என்று ஒருவர் தமக்குள் உணர்ந்து அறிவது பாலினம். பெரும்பாலானவர்களுக்கு இவை இரண்டும் ஒத்துப்போகின்றன, சிலருக்கு ஒத்துப்போவதில்லை. பிறக்கும்போது ஆண் என்று சொல்லப்பட்டுத் தம்மைப் பெண்ணாக அறிந்தவர் திருநங்கை. பெண் என்று சொல்லப்பட்டுத் தம்மை ஆணாக அறிந்தவர் திருநம்பி. இருவரையும், ஆண் பெண் என்ற இரண்டுக்குள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாதவர்களையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல் திருநர். பிறவியிலேயே உடற்கூறு ஆண், பெண் என்ற வழக்கமான வகைக்குள் அடங்காதவர்களைக் குறிக்கும் இடைப்பாலினர் என்ற சொல் வேறு. யார் மீது ஒருவருக்குக் காதல் வரும் என்பதைக் குறிக்கும் பாலீர்ப்பு என்ற சொல்லும் வேறு. பெரியவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இதைக் குழந்தைக்கு ஒவ்வாத பேச்சு என்று அஞ்சுகிறார்கள். ஒருவர் ஆணா பெண்ணா என்று பேசுவது பாலுறவைப் பற்றிப் பேசுவதாகாது. நம் குழந்தைகளிடம் "நீ சமத்துப் பையன்" என்றும் "தங்கமான பொண்ணு" என்றும் நாள் முழுவதும் பாலினத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இது ஒரு நோயா என்ற ஐயம் உங்களுக்குள் இருந்தால் அதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். நம் குரலில் ஐயம் இருந்தால் குழந்தை அதைக் கண்டுபிடித்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது பன்னாட்டு நோய் வகைப்பாடு 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாலினம் ஒத்துப்போகாத நிலையை அது மனநோய்களுக்கான அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் நலம் தொடர்பான அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டது. மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கு அது கிடைக்கவே அங்கு அந்தப் பெயர் இருக்கிறது.

இரண்டாம் படி: அந்த வயதின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று அறிதல்

குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு வயதில் ஆண், பெண் என்ற வேறுபாட்டைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். மூன்று வயதுக்குள் பெரும்பாலோர் தம்மை இன்னார் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் அவர்கள் மனத்தில் கெட்டியாக நிலைக்க இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966இல் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்: முதலில் பெயரிடுதல், பிறகு காலம் மாறினாலும் அது மாறாது என்று நினைத்தல், அதன் பிறகே தலைமுடியோ உடையோ மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்று புரிந்துகொள்ளுதல். மூன்றாவது கட்டத்தை எட்ட ஆறேழு வயதாகும் என்பது அவருடைய கணிப்பு. நான்கு வயதுக் குழந்தை ஒன்று, நீளமான முடியுள்ள பையனைப் பார்த்து "இவன் பொண்ணாயிட்டான்" என்று சொல்வதை மழலையர் வகுப்பில் இருப்பவர் எவரும் கேட்டிருப்பார்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடையை வைத்து ஆளை முடிவு செய்யும் வயதில் இருக்கும் குழந்தையிடம் "அவங்க பொண்ணு மாதிரி டிரஸ் போட்டுக்கிட்டவங்க" என்று நாம் விளக்கினால், நாமே தவறான கருத்தை அதன் மனத்தில் நட்டுவிடுகிறோம். உடை மாறினால் தானும் மாறிவிடுவோமோ என்ற அச்சத்துக்கும் அது வழி செய்யும். ஆகவே விளக்கத்தை உடையிலிருந்தோ முடியிலிருந்தோ தொடங்காதீர்கள். அந்த மனிதர் தம்மைப் பற்றி அறிந்திருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஐந்து, ஆறு வயதில் குழந்தைகள் "இது பசங்க கலர், இது பொண்ணுங்க கலர்" என்று மிகக் கறாரான நீதிபதிகளாகிவிடுவதும் வளர்ச்சியின் ஒரு பகுதிதான். அதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை, "யார் சொன்னா?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக விரியும்.

மூன்றாம் படி: அது, அவங்க

தமிழில் இந்தப் பேச்சின் பாதி வேலை இரண்டு சுட்டுச்சொற்களில் முடிந்துவிடுகிறது. முன்பின் பார்க்காத திருநங்கை ஒருவரைக் கண்டால் குழந்தை கேட்பது பெரும்பாலும் "அது யாரு?" என்றுதான். இதில் குழந்தையின் மனத்தில் எந்த இழிவும் இல்லை. கைக்குழந்தையைக் கூட நாம் வீட்டில் "அது தூங்குது, எழுப்பாதே" என்று அன்பாகச் சொல்கிறோம். இன்னதென்று தெரியாத எதற்கும் அது என்ற சொல்லே வாயில் வருகிறது. ஆனால் வளர்ந்த ஒரு மனிதரை நோக்கி அந்தச் சொல் போகும்போது அவரை மனிதர் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளுகிறது, அவருக்கும் அது காதில் விழுகிறது. அதட்டாமல், திருத்துகிறோம் என்று அறிவிக்காமல், விடைக்குள்ளேயே சொல்லை மாற்றிவிடுங்கள். "அது யாரு?" என்றால் "அவங்களா? அவங்க பேரு எனக்கும் தெரியாது" என்று சொல்லுங்கள். மூன்று முறை கேட்டால் நான்காவது முறை குழந்தையே "அவங்க" என்று சொல்லும். சொல்வளர்ச்சி இந்த வயதில் அப்படித்தான் நடக்கிறது.

இந்த மரியாதையைப் புதிதாக எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டுவதாக நினைக்க வேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் உயர்திணையைச் சேர்ந்தது என்று இலக்கணம் வகுக்கப்பட்டிருக்கிறது. அஃறிணைச் சொல்லால் அவர்களைச் சுட்டுவது பண்பு மட்டுமன்றி இலக்கணமும் ஏற்காத பிழை.

ஒருவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்று தெரிந்தால் அப்படியே அழையுங்கள்: திருநங்கையை அக்கா என்றோ அத்தை என்றோ, திருநம்பியை அண்ணா என்றோ மாமா என்றோ. தெரியாதபோது "அவங்க" என்பதும் "அவர்" என்பதும் எவருக்கும் பொருந்தும். பெண்பாலுக்கும் ஆண்பாலுக்கும் பொதுவான மரியாதைச் சொல் கையிலேயே இருப்பது நம் மொழியில் நமக்குக் கிடைத்த வசதி, அதைப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: முதல் வாக்கியத்தைத் தயாராக வைத்திருத்தல்

கேள்வி எப்போது வரும் என்று தெரியாது. வரிசையில் நிற்கும்போது வரும், ஓடும் வண்டியில் வரும், உறங்கப் போகும் நேரத்தில் வரும். அப்போது யோசிக்கத் தொடங்கினால் வாய் குழறும். ஆகவே இரண்டு மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே சொல்லிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இது: "பாப்பா பிறந்ததும் உடம்பைப் பார்த்து, பையன்னோ பொண்ணுன்னோ பெரியவங்க சொல்வாங்க. நிறைய பேருக்கு அது சரியா இருக்கும். சில பேருக்குச் சரியா இருக்காது. இவங்களைப் பையன்னு சொன்னாங்க, ஆனா தான் பொண்ணுன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இவங்களைத் திருநங்கைன்னு சொல்வோம்." மூன்று வயதுக் குழந்தைக்கு இதுவே நீளம், "அவங்க ஒரு திருநங்கை, அவங்க பொண்ணு" என்பதோடு நிறுத்திவிடலாம். ஏழு வயதுக் குழந்தை இதன் மேல் ஐந்து கேள்விகளைக் கேட்கும். அந்த ஐந்துக்கும் மட்டும் விடை சொல்லுங்கள். குழந்தை கேட்பதை நிறுத்தியவுடன் நீங்களும் நிறுத்துங்கள். சொற்பொழிவு தொடங்கினால், இதில் ஏதோ பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டிய சில சொற்றொடர்கள் உண்டு. "ஆணுடம்புக்குள்ள மாட்டிக்கிட்ட பொண்ணு" என்பது பெரியவர்களிடையே பழகிப்போன உவமை. சிறு குழந்தை உவமையை உவமையாக எடுத்துக்கொள்வதில்லை. என் வகுப்பில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டில் யாரோ இப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளே இருக்கும் அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டாதா, யார் அவளை வெளியே எடுப்பார்கள் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "பாவம்" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். இரக்கமாகச் சொல்வதுபோல் நமக்குத் தோன்றும். அவர்கள் நமக்குக் கீழே இருப்பவர்கள் என்பதே குழந்தைக்குப் பதியும். "கடவுள் செஞ்ச தப்பு" என்பதும் அத்தகையதே.

ஐந்தாம் படி: சங்கடமான கேள்விகள்

"அவங்க எப்படி ஒண்ணுக்குப் போவாங்க?" என்று கேட்காத குழந்தை குறைவு. சிரிக்கவும் வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். தன் உடலின் தனிப்பட்ட பகுதிகளைப் பற்றியும், அவற்றைப் பிறர் தொடவோ பார்க்கவோ கூடாது என்பதைப் பற்றியும் நாம் ஏற்கெனவே சொல்லித் தந்திருப்போம். அதே விதியை இங்கே நீட்டினால் போதும்: "எல்லாரையும் போல பாத்ரூம் போவாங்க. ஆனா அடுத்தவங்க உடம்பைப் பத்தி நாம கேக்க மாட்டோம். உன் உடம்பைப் பத்தி யாராச்சும் கேட்டா உனக்குப் பிடிக்காதில்ல?" இதனால் குழந்தையின் பாதுகாப்புப் பாடமும் உறுதிப்படுகிறது.

"நானும் அப்படி ஆயிடுவேனா?" என்ற கேள்வியில் மட்டும் நிதானமாக உட்காருங்கள். சில குழந்தைகள் ஆர்வத்தில் கேட்பார்கள், சிலர் பயத்தில் கேட்பார்கள்; எந்த மனநிலையில் கேட்கிறது என்று முகத்தைப் பார்த்து அறியுங்கள். "இது சளி மாதிரி ஒட்டிக்கிறது இல்ல. யாரும் உன்னை மாத்த மாட்டாங்க. நீ யாருன்னு உனக்குத்தான் தெரியும், நீ என்ன சொன்னாலும் அம்மா கேப்பேன்" என்பது என் விடை. "சீச்சீ, நீ அப்படியெல்லாம் ஆக மாட்டே" என்று சொல்லிவிடாதீர்கள். கேட்ட குழந்தை ஒருவேளை தன்னைப் பற்றியே கேட்டிருந்தால், அந்த ஒரு வாக்கியத்தோடு அது தன் வாயை மூடிக்கொண்டுவிடும்.

"யாரெல்லாம் அப்படி இருக்காங்க?" என்று கேட்டால் மனிதர்களைக் காட்டுங்கள். பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் திருநங்கை. 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் முறையையே மாற்றியவர்களுள் ஒருவரான லின் கான்வே திருநங்கை. மூளையின் துணைச் செல்களை ஆராய்ந்த நரம்பியலாளர் பென் பாரஸ் திருநம்பி. குழந்தையிடம் நடனத்தையும் சில்லையும் மூளையையும் பற்றி முதலில் பேசுங்கள், திருநர் என்பதைப் போகிறபோக்கில் சொல்லுங்கள்.

ஆறாம் படி: உறவினர் ஒருவர் திருநராக இருந்தால்

தமிழில் உறவுப்பெயர்களில் பெரும்பாலானவை பாலைச் சுமந்து நிற்பதால் இது கூடுதலான கவனம் கேட்கும் சூழல். என் தங்கை மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் மிகவும் ஒட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, எட்டு மாதம் கழித்துப் புதிய பெயரோடும் தோள்வரை வளர்ந்த முடியோடும் வீட்டுக்கு வர இருந்தார். வந்த பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்று என் தங்கை நினைத்தாள். முந்தைய நாளே சொல்லிவிடும்படி நான் வற்புறுத்தினேன், ஏனென்றால் வாசலில் நிற்பவரை வைத்துக்கொண்டு விளக்குவது அவருக்கும் வலி, குழந்தைக்கும் திகைப்பு. "நாளைக்குச் சித்தப்பா வராங்க. அவங்க திருநங்கை, அவங்க பொண்ணு. இனிமே அவங்களை அத்தைன்னு கூப்பிடணும்" என்று சொன்னார்கள். குழந்தை சிறிது நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அத்தை என்னைத் தோள்ல தூக்கிப்பாங்களா?" தூக்குவார்கள் என்றதும் விளையாடப் போய்விட்டாள்.

அவளுடைய கேள்வியின் பொருள், என் உறவு எனக்கு இருக்குமா என்பதுதான். இதைத்தான் முதலில் சொல்லிவிட வேண்டும்: பெயர் மாறும், அழைக்கும் முறை மாறும், உன் மேல் இருக்கும் பிரியம் மாறாது. மறுநாள் அவள் "சித்தப்" வரை சொல்லி நிறுத்தி "அத்தை" என்று முடித்தாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வாய் தவறினால் திருத்திச் சொல்லிவிட்டு மேலே போகக் கற்றுக்கொடுங்கள், பெரிய மன்னிப்புப் படலம் தேவையில்லை. சுவரில் பழைய திருமணப் படம் இருந்தால், அது அங்கேயே இருக்கலாமா என்று அந்த உறவினரிடமே கேளுங்கள். சிலருக்கு அது நினைவு, சிலருக்கு அது முள். குழந்தை படத்தைக் காட்டி "இது யாரு?" என்றால், "அத்தைதான். அப்போ நாம அவங்களைச் சித்தப்பான்னு கூப்பிட்டோம்" என்பது முழு உண்மை. அதோடு, அத்தையின் செய்தியை யாரிடம் சொல்லலாம் என்பது அத்தையின் விருப்பம் என்பதையும் சொல்லிவையுங்கள். அதற்காக அதை ரகசியம் என்று பெயரிட்டுக் குழந்தையின் மேல் சுமத்தாதீர்கள்.

ஏழாம் படி: வசைச்சொற்கள்

எண் பயிற்றும் வகுப்பு ஒன்றில், பலகையில் ஒன்பது எழுதியதும் ஆறு வயதுச் சிறுவர்கள் இருவர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கேட்டபோது ஒருவன் "அண்ணன் சொன்னான் மிஸ், அது கெட்ட நம்பர்" என்றான். அந்தச் சொல்லால் யாரைத் திட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது; சிரிக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. திட்டினால் சொல்லுக்கு இன்னும் கவர்ச்சி கூடும் என்பதால், "ஒன்பது நல்ல நம்பர்தான். அதைச் சொல்லிச் சில பேர் திருநங்கைகளைக் கிண்டல் பண்றாங்க. அது அவங்களை அழ வைக்கும். நாம அவங்களைத் திருநங்கைன்னு சொல்வோம்" என்று சொல்லிவிட்டு, ஒன்பது கூழாங்கற்களை எண்ணச் சொன்னேன். வசைச்சொல் வந்தால் செய்ய வேண்டியவை இவைதாம்: அது யாரை நோவச் செய்கிறது என்று சொல்வது, சரியான சொல்லைக் கையில் கொடுப்பது, பாடத்துக்குத் திரும்புவது. வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு தனியே, நீளமாகப் பேசுங்கள். சொல் அங்கிருந்துதான் இறங்குகிறது.

எட்டாம் படி: குழந்தை தன்னைப் பற்றியே சொன்னால்

பையன் பாவாடை கட்டி ஆடுவதும் பெண் குழந்தை தன்னை ராஜா என்று அறிவிப்பதும் விளையாட்டு. அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் போக வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு குழந்தை விளையாட்டு முடிந்த பிறகும், மாதக்கணக்கில், மாறாமல், வருத்தத்தோடு "நான் பையன் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அதைக் கேட்க உட்காருங்கள். "அப்படியா? எப்போலருந்து உனக்கு அப்படித் தோணுது?" என்று கேட்பதால் எதுவும் கெட்டுப்போவதில்லை. உடனே பெயர் சூட்டவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். இந்தத் துறையை அறிந்த குழந்தைநல மருத்துவரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ பேசுங்கள். மருந்தையும் அறுவையையும் நினைத்துப் பெற்றோர் அலறுவதை நான் பார்த்திருக்கிறேன். நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பருவமடைதல் தொடங்காத குழந்தைகளுக்கு ஹார்மோன் சிகிச்சை கிடையாது. இந்த வயதில் தேவைப்படுவது செவிகொடுப்பதும், கேலியிலிருந்து காப்பதும்தான். அடித்தும் மிரட்டியும் "திருத்தி"த் தருவதாகச் சொல்பவர்களிடம் குழந்தையை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளின் மனத்தில் அது விட்டுச்செல்லும் காயம் ஆழமானது.

வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பேச்சை விரும்பாமல் இருக்கலாம். அவர்களைக் குழந்தையின் முன்னால் வாதத்துக்கு இழுக்காதீர்கள். "நீங்க ஏத்துக்கணும்னு சொல்லல, குழந்தை முன்னாடி யாரையும் கேவலமா பேச வேண்டாம்" என்று தனியே கேட்டுக்கொண்டால் பெரும்பாலோர் இணங்குவார்கள்.

ஒன்பதாம் படி: தவறாகச் சொல்லிவிட்டால் திரும்பிப் போதல்

என் மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, பேருந்தில் எதிரே அமர்ந்திருந்தவரைக் காட்டி "அம்மா, அது ஆம்பளையா பொம்பளையா?" என்று உரக்கக் கேட்டான். நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று என் மகனுக்கு நான் எந்த விடையும் சொல்லவில்லை, ஆனால் என் உள்ளங்கை சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பல மாதங்கள், திருநங்கை ஒருவரைக் கண்டால் அவன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். அவனுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது நான்தான்.

பொது இடத்தில் இப்படிக் கேள்வி வந்தால் என்ன செய்யலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, முகம் மாறாமல், "அவங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியும். மத்ததை இறங்கினதும் பேசலாம்" என்று சொல்லலாம், அவர் நம்மைப் பார்த்தால் ஒரு சிறு புன்னகையோடு தலையசைக்கலாம், இறங்கியதும் சொன்னபடி பேச வேண்டும். அந்த நேரத்தில் தவறவிட்டிருந்தாலும் பின்னர் போய்ச் சொல்லலாம், குழந்தைகள் அதற்கு இடம் கொடுக்கிறார்கள். ஓர் இரவு, விளக்கை அணைக்கும் முன் நான் என் மகனிடம், "அன்னைக்கு பஸ்ல நீ கேட்டது தப்பில்ல. நான் உன் வாயைப் பொத்தினதுதான் தப்பு. அவங்க ஒரு திருநங்கை" என்று தொடங்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவங்களுக்குக் கேட்டிருக்குமா?" என்றான். கேட்டிருக்கும் என்றேன். அடுத்த முறை இன்னொருவரைப் பார்த்தபோது அவன் ஒளிந்துகொள்ளவில்லை, என் காதருகே வந்து, "இவங்களை அக்கான்னு கூப்பிடலாமா?" என்று கேட்டான்.